வாங்க என்று சொல்லாத மழைக்காலம்

ஐப்பசி மழை பிடித்தால் போதும், தம்பியின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி முனகுவது போன்ற சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் அதற்கு ‘இழுப்பு’ என்று பெயர். சிங்காநல்லூரில் மில் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். முந்தைய மழைக்காலத்தில் அவனை ஆஸ்பத்திரியில் வைத்து, மூக்கில் குழாய் மாட்டித்தான் மீட்டிருந்தார்கள். இன்னொரு காய்ச்சல் வந்தால் பையன் தாங்கமாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த வருடம் லைன் முழுக்க ‘வெசக் காச்சல்’ பரவியபோது, அம்மா முன்கதவைச் சாத்திவிட்டாள். நாங்கள் எல்லாரும் ‘பொடக்காலி’ வழியாக, அதாவது பின்கட்டு வழியாகத்தான் வரவேண்டும். பள்ளிக்கூடச் சட்டையை அங்கேயே கழற்றி, வெந்நீரில் கைகால் கழுவி, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்த பிறகுதான் தம்பியின் முகத்தைப் பார்க்கலாம். இந்த வீட்டுக்குள் நுழைவதைவிட மில் கேட்டுக்குள் நுழைவது சுலபம் என்று அப்பா கேலி செய்வார், செய்துவிட்டு ஒழுங்காகக் குளித்துவிட்டுத்தான் வருவார். தினமும் கொள்ளு ரசம் வேறு. குடித்துக் குடித்து நான் குதிரையாகவே மாறிவிடுவேனோ என்று பயந்தேன். “சளிக் காச்சலுக்கெல்லாம் யாராச்சும் கதவச் சாத்துவாங்களாக்கும்?” என்று பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் சிரித்ததை அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எங்கள் பக்கத்தில் வாசலுக்கு யார் வந்தாலும், அவர் ஆகாதவராகவே இருந்தாலும், “வாங்க” என்று சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அந்த ஒரு சொல் விட்டுப்போனதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில்தான், சத்தியமங்கலத்திலிருந்து அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, மூத்த மகள் கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலை பாக்குத் தட்டும் பத்திரிகையுமாக வந்து நின்றார். தலையில் துண்டைக் கட்டியிருந்தார், கண் சிவந்திருந்தது, இருமல் நிற்கவில்லை. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள வராதீங்ணா. பையனுக்கு ஆகாதுங்ணா.”

மாமா அவளையே பார்த்தார். “ஏனம்மணி, நா என்ன வேத்தாளா?”

அம்மா மறுபடியும் வேண்டாம் என்று தலையைத்தான் ஆட்டினாள். மாமா தட்டைப் படிமேல் வைத்தார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. போய்விட்டு வாரேன் என்றும் சொல்லவில்லை; “போறேன்” என்றார், அவ்வளவுதான். அவர் தெரு முனையைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. அடுத்த பொங்கலுக்கு மாமா வீட்டுச் சீர் வரவில்லை, அதற்கடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. பிறந்த வீட்டைப் பற்றி அம்மா வாயே திறக்கமாட்டாள். ஆனால் சத்தியமங்கலம் பஸ்ஸில் யாராவது தெரிந்தவர் வந்திறங்கினால், அங்கே மழை பெய்ததா என்று மட்டும் கேட்பாள்.

தம்பி பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு ஒருநாள் மாமா தானாகவே வந்தார். சந்தில் அவன் பம்பரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “பையன் நல்லா ஓடறானே அம்மணி” என்றவர், “அன்னைக்கு நா மட்டும் உள்ள வந்திருந்தா...” என்று தொடங்கி, முடிக்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வாங்ணா, வாங்ணா” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும்.

மில் மூடி, லைன் வீடுகளை இடித்து, அங்கே இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அம்மாவும் மாமாவும் இல்லை. போன மாதம் என் மகளுக்கு ஃப்ளூ காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தம்பி சொல்லியிருந்தான். “பாப்பாவுக்குக் காய்ச்சல், வராதே” என்று வாட்ஸ்அப்பில் தட்டினேன். உடனே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அனுப்பிவிட்டான். நான் கேட்டதும் சரி, அவன் செய்ததும் சரி. அம்மாவிடமிருந்து பிறந்த வீட்டையே சில வருடம் பறித்துவைத்த ஒரு சொல்லை நான் அடுப்பில் பால் பொங்குவதற்குள் சொல்லி முடித்திருந்தேன். போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயல், கொஞ்சமாவது கோபித்துக்கொண்டிருக்கக் கூடாதா?