கவலை முகம்

வண்ணார்பேட்டையில் என் வீட்டு மாடிப்படி தெருவுக்குள் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கிறதாம். யாரோ புகார் கொடுக்க, இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. படித்த பதற்றத்தில் பிரஷர் மாத்திரையை இரண்டு முறை விழுங்கிவிட்டு, மேல்முறையீட்டு மனுவோடு மாநகராட்சி அலுவலக பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநீறு, மடியில் பொரிகடலைப் பொட்டலம். அதிகாரியின் அறைக்கதவு திறக்கும்போதெல்லாம் துக்க வீட்டு முகத்தை மாட்டிக்கொள்வார். கதவு மூடியதும் கடலை கொறிப்பார்.

"உங்களுக்கும் நோட்டீஸா அண்ணாச்சி?"

"ஆமாவே. எங்க வாசலை மறிச்சு எம் மச்சினன் கடையைப் போட்டுட்டான். உள்ள அவன்தான் மன்றாடுதான்."

"யாரு புகார் கொடுத்தாவன்னு தெரிஞ்சுதா? நான் எங்க தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம சந்தேகப்பட்டுட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான்தாம்வே கொடுத்தேன். கடையை எடுலேன்னு நான் சொன்னா குடும்பம் ரெண்டாப் போவும். கவர்மெண்டு சொன்னா யாருகிட்டவே கோவிச்சுக்கிடுவான்?"

கதவு திறந்தது. மச்சினன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"ஐயோ, என்னலே சொல்லுதாரு?" என்று பதறி எழுந்த அண்ணாச்சியின் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது.

என் மனுவை வாங்கிக்கொண்டு, நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டு வாசலில் மனைவி காத்திருந்தாள். அந்தப் படிக்கட்டே வேண்டாம் என்று கட்டும்போதே சண்டை போட்டவள்.

"ஐயோ, என்ன சொன்னாவ? இடிச்சிருவாவளா?"

முகத்தில் அவ்வளவு கவலை. கையில் பொரிகடலை இருக்கிறதா என்று பார்த்தேன்.