பஞ்சு பட்ட இடம்

அத்தைக்கு முதுகில் அக்கி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், லீவு போட்டுவிட்டுக் கருங்கல் ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா குயவரை அழைத்து வந்தார். அவர் செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் அவள் முதுகில் ஒரு சிங்கத்தை எழுதினார். மூன்று நாள் எழுதியதில் கொப்புளங்கள் வாடி உதிர்ந்தன. அக்கி எழுதியாயிற்று, ஆறியாயிற்று என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

அத்தைக்கு மட்டும் ஆறவில்லை. தீயாக எரிகிறது என்றாள். ரவிக்கை பட்டால் துடித்தாள். மின்விசிறிக் காற்றுக்குக்கூட ஒதுங்கி உட்கார்ந்தாள். ஒரு மாதம் பொறுத்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "புண்ணு உணங்கியாச்சு. வேலைக்குப் போவ மடி, கள்ளம் காட்டுதா" என்றாள்.

உண்மையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, அந்த வயதில் எனக்குத் துப்பறியும் கிறுக்கு. ஒரு ஞாயிறு மதியம் அத்தை கவிழ்ந்து படுத்துத் தூங்கும்போது, தழும்பில் பேனா முனையால் குத்தினேன். அசையவில்லை. பிறகு தலையணையிலிருந்து பிய்த்த இலவம்பஞ்சால் மெல்லத் தடவினேன். வீறிட்டு எழுந்தாள். குத்தினால் வலிக்காதவளுக்குப் பஞ்சு வலிக்குமா? ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"நெசமா பாத்தியாட்டி?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். மறுநாள் காலை அத்தையை எஸ்டேட் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

ஏழு மாதம் அந்த முதுகோடு பால் வெட்டினாள். தூக்கமில்லாமல் தோட்டத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் அப்பா அவளை மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் போனேன். டாக்டர் அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு குண்டூசியால் தழும்பைத் தொட்டார். சரியாகத் தெரியவில்லை என்றாள். பஞ்சால் தடவினார், துள்ளி எழுந்தாள். கள்ளி அகப்பட்டாள் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"இது நரம்பு வலி" என்றார் அவர். "அக்கி தோலத்தான் விட்டிருக்கு, நரம்ப விடல்ல. ராத்திரிக்கு ஒரு மாத்திரை தாறேன், மெதுவா கூட்டுவோம். முழுசா போவும்னு சொல்லமாட்டேன், பாதியாவது கொறைப்போம். முன்னமே வந்திருக்கலாமே?"

அப்பா தரையைப் பார்த்தார். அத்தை அழுதாள். அத்தனை மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். முன்சீட்டில் இருந்த அப்பாவின் காதில் விழும்படி கேட்டாள்: "மக்கா, அன்னைக்கு நீ பஞ்சு வச்சுப் பாத்ததும் டாக்டரு மாதிரி நோயக் கண்டுபிடிக்கத்தானே?"

"ஆமா அத்தை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, சீட்டில் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அத்தையை எளிதாக ஏமாற்றிவிட்டேன் என்று கருங்கல் வரும்வரை சந்தோஷமாக இருந்தேன். அந்தப் பொய்யை எனக்காக அவளே யோசித்து என் கையில் தந்தாள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.