தேத்தண்ணிப் போத்தலில் போட்ட அப்பச்சோடா

பிள்ளைகளே, குசினியில் அப்ப மாவுக்குச் சேர்க்கும் அப்பச்சோடா என்ன செய்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான் அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவன்.

மலைக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும் என் கண்ணாடிப் போத்தலில் சாயக்கறை தடிப்பாக ஏறியிருந்தது. ஒரு காலையில் அதற்குள் நாலு கரண்டி அப்பச்சோடா போட்டேன். இன்னும் வெளுக்கட்டும் என்று பாதிப் போத்தலுக்குப் புளித்த வினாகிரியும் ஊற்றினேன். நுரை கழுத்துவரை பொங்கியது. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதால், மூடியை இறுகத் திருகிக் குலுக்கினேன்.

"அப்பா, மூடாதீங்க! வெடிச்சிரும்!" என்று மகள் நிரோஷா ஓடி வந்தாள்.

"சும்மா இரு புள்ள, பொங்குனாத்தான் கறை போகும்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை. போத்தல் கையிலேயே வெடித்துச் சிதறியது. உள்ளங்கை எலும்பு தெரியக் கிழிந்தது. ஒரு துண்டு கதவுப் பலகையில் குத்தி நின்றது. இன்னொன்று நிரோஷாவின் புருவத்தை வெட்டிவிட, முகமெல்லாம் இரத்தத்தோடு, "கண்ணு தெரியலப்பா!" என்று அலறினாள்.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தைத் துடைத்த பிறகுதான் கண் தப்பியது தெரிந்தது.

"போத்தலக் கழுவச் சொன்னா புள்ளையக் கொல்லப் பாத்தீங்களே!" என்று மனைவி அழுதாள்.

"சோடாவும் புளிப்பும் சேந்தா காத்து வரும்பா. அது வெளிய போக வழி வேணும்ல?" என்றாள் நிரோஷா, கட்டுப்போட்ட முகத்தோடு.

இப்போது சோடாவைத் தண்ணீரில் மட்டுமே கரைத்து, புதிதாக வாங்கிய போத்தலைத் திறந்தபடியே ஊறவைக்கிறேன். மூடி நிரோஷாவிடம் இருக்கும். போத்தலை நன்றாக அலசிக் காட்டினால்தான் தருவாள். அதை வாங்கும்போது அவள் புருவத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.