ஜமால் பாயுடன் பனிச்சரிவில் ஆறு நாள்

கதவு பூட்டியிருந்ததுதான் எனக்கு வந்த முதல் செய்தி. எங்கள் மாடியில் ஜமால் பாயின் அறை காலை ஒன்பது மணிக்குத் திறந்துவிடும். அன்று பத்தரை ஆகியும் திறக்கவில்லை. வெளியே பெஞ்சில் ஒரு குடும்பம் கடவுச்சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாய் எப்போது வருவார் என்று என்னைக் கேட்டார்கள். வந்துவிடுவார் என்றேன். சொல்லி முடித்துத் திரும்பியபோது அவர் மகன் போன் செய்தான். காலைத் தொழுகைக்கு எழுந்தவர், முகம் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். அந்தக் குடும்பத்திடம் அதை எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவர்களில் பெரியவர் எழுந்து, பூட்டிய கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது மட்டும் நினைவிருக்கிறது.

பாயைத் தெரியாதவர் இந்த ஊரில் குறைவு. பிரான்சில் பிள்ளைகளோ தம்பியோ இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் அவரிடம்தான் விமான டிக்கெட் வாங்கியிருப்பார்கள். அவருடைய அறைக்கு அடுத்த அறை என்னுடையது. பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக் கையெழுத்திட்டுக் கொடுப்பது என் வேலை. காகிதம் என்னிடம் முடிந்ததும் ஆள் அவரிடம் போவார். இருபத்திரண்டு வருடம் இப்படி ஓடியது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆறு நாள் பயணம்வரை அவர் விமானத்தில் ஏறியதில்லை, நான் பிரான்சைப் பார்த்ததில்லை.

முதல் முறை தனியாகப் பயணம் போகிறவர்களுக்குப் பாய் ஒரு தாள் எழுதித் தருவார். எந்தக் கதவில் இறங்க வேண்டும், எந்த நிறப் பலகையைப் பார்த்து நடக்க வேண்டும், எந்த இடத்தில் பெட்டி வரும், பெட்டி வராவிட்டால் யாரிடம் எதைக் காட்ட வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் இருக்கும். போய் வந்தவர்களைக் கேட்டுக் கேட்டு அதைத் திருத்திக்கொண்டே இருப்பார். ஒருமுறை ஒரு விமான நிலையத்தில் வாசலை மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அன்று மாலை கிளம்ப இருந்த ஓர் அம்மாவைத் தேடி உப்பளம் பகுதிக்கு ஸ்கூட்டரில் போய்ப் புதுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தார். "போறதுக்கு மட்டும் டிக்கெட் போட்டுக் குடுக்கறது பாதி வேலைதான் சார். ஆளு திரும்பி வரணும்" என்பார்.

பாண்டிச்சேரிக்குப் புதுச்சேரி என்று பெயர் மாறிய அந்த வருடம், பிப்ரவரியில் ஒரு நாள், என் அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சார், பனியில சறுக்கப் போலாமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது, எனக்கு மூன்று குறைவு. அவர் சிரிக்கவில்லை. ஆல்ப்ஸ் மலையில் ஒரு சிற்றூர் என்றார். மார்ச் கடைசியில் பனிக்காலம் முடிகிற நேரம், எல்லாம் மலிவு. முகவர்களுக்கு விமான நிறுவனம் தரும் சலுகையில் இரண்டு சீட்டு. தங்குவதற்கு மாணவர்கள் தங்கும் விடுதி, ஓர் அறையில் எட்டுக் கட்டில், சமையல் நாமே. "நாப்பது வருஷமா பிரெஞ்சுலயே எழுதிக்கினு கெடக்கறீங்க. ஒரு தடவ போய்ப் பேசிட்டு வாங்களேன்" என்றார். அந்த இடத்தில் என்னால் மறுக்க முடியவில்லை.

குளிருக்கான உடை வாங்குவதென்றால் பயணத்தைவிட அதிகம் ஆகும் போலிருந்தது. பாய் கம்பளி உள்ளாடை இரண்டு செட் எடுத்து, அதற்கு மேலே போட ஸ்கூட்டர் ஓட்டும்போது அணிகிற மழைக்கோட்டும் பேண்டும் கடைத்தெருவில் வாங்கிவந்தார். அவர் மனைவி புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தனுப்பினார். லியோனில் இறங்கி, இரண்டு பேருந்து மாறி, நீல மழைக்கோட்டில் நாங்கள் இருவரும் அந்த ஊரில் போய் நின்றபோது ஒரு குழந்தை எங்களைச் சுட்டிக்காட்டித் தன் அம்மாவிடம், இவர்கள் தீயணைப்பு வீரர்களா என்று கேட்டது. நாற்பது வருடப் படிப்பில் பிரெஞ்சு மண்ணில் எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அது.

பனிச்சறுக்கில் இரண்டு வகை உண்டு. காலுக்கு ஒன்றாக இரண்டு நீளக் கட்டைகள் மாட்டிக்கொள்வது ஒன்று. இரண்டு காலையும் ஒரே அகலப் பலகையில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்று போவது இன்னொன்று. அந்தப் பலகைக்கு ஸ்னோபோர்டு என்று பெயர். பருவம் முடிகிறது என்று பலகைகளைப் பாதி வாடகைக்குக் கொடுத்தார்கள், அதனால் அதையே எடுத்தோம். பயிற்சியாளருக்குக் கொடுக்க வசதியில்லை. விடுதியின் பின்பக்கம் குழந்தைகள் பழகுகிற சின்னச் சரிவு ஒன்று இருந்தது. அங்கே முதல் நாள் முழுவதும் விழுந்தோம். பலகையின் ஓரம் பனியில் மாட்டினால் மனிதன் மரம் சாய்வதுபோலச் சாய்கிறான். எங்களைச் சுற்றி ஐந்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக, வாத்துக் குஞ்சுகள் மாதிரி, இறங்கிக்கொண்டிருந்தன. பாய் ஒவ்வொரு முறையும் மல்லாந்து விழுந்து, வானத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு எழுந்தார். எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை.

இரண்டாம் நாள் மதியம் அவர் கையை ஊன்றி மோசமாக விழுந்தார். அப்போது விடுதியின் சமையலறைப் பின்கதவு திறந்தது. நனைந்த ஏப்ரன் கட்டிய ஓர் ஆள் ஓடிவந்து, "பாய், கைய ஊனாதீங்க. மணிக்கட்டு போய்டும்" என்றார்.

நல்ல தமிழ், எங்கள் ஊர்த் தமிழ். நான் திகைத்துப் போனேன். பாய் பனியில் உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்து, "சொல்லிக் குடு ஏழுமல" என்றார்.

ஏழுமலையை எனக்கு நேரில் தெரியாது. ஆனால் அவர் மனைவி செல்வியைத் தெரியும். மூன்று வருடமாக மாதம் ஒருமுறை தேங்காய்த்திட்டிலிருந்து வந்து பாய் அறை பெஞ்சில் உட்காருகிற பெண். ஏழுமலை மீனவர். படகை விற்றுவிட்டு, உறவினர் ஒருவரின் அழைப்பில் மூன்று மாத விசாவில் பிரான்சுக்குப் போனார். போகவும் வரவும் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் பாய். திரும்பும் தேதி கடந்தது, ஆள் வரவில்லை. முதல் வருடம் எப்போதாவது போன் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. "வரவு டிக்கெட்டும் இதுல இருக்குன்னு நீங்கதான காட்டுனீங்க பாய்" என்று செல்வி ஒருமுறை கேட்டது என் அறைவரை கேட்டது. குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. ஆனால் அன்று மதியம் பாய் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

அந்த ஏழுமலை விடுதியில் பாத்திரம் கழுவுகிறார். நாங்கள் வந்த அன்றே பாயைப் பார்த்துவிட்டு, சமையலறைக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். ஜன்னல் வழியாக ஒன்றரை நாள் பாய் விழுவதைப் பார்த்தவருக்கு அதற்கு மேல் உள்ளே நிற்க முடியவில்லை.

யாரோ தூக்கிப் போட்ட, ஓரம் சிதைந்த பலகை ஒன்று அவரிடம் இருந்தது. மதியப் பாத்திரம் முடிந்து மாலை வேலை தொடங்கும்வரை கிடைக்கும் இடைவெளியில் மூன்று பனிக்காலமாகத் தானாகப் பழகியிருந்தார். அவர் மேலிருந்து ஒரே வீச்சில், விழாமல் இறங்கிவந்தார். பிள்ளைகளோடு வந்த பயிற்சியாளரே நின்று பார்த்தார். அலைமேல் கட்டுமரத்தில் நின்று பழகிய கால்கள் அவை. எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததும் அப்படித்தான் இருந்தது: முட்டியை இளக்கமாக வைக்க வேண்டும், பலகையைப் பார்க்கக் கூடாது, போகிற இடத்தைப் பார்க்க வேண்டும், விழுந்தால் முழங்கையை மடக்கிக்கொண்டு விழ வேண்டும்.

தினமும் மூன்று மணி நேரம் அவர் எங்களோடு இருந்தார். அந்த நாட்களில் பாய் அவரிடம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. மூன்றாம் நாள் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது, இவர் இங்கே இருப்பது முன்பே தெரியுமா என்று பாயிடம் கேட்டேன். தெரியும் என்றார். பிள்ளைகளோடு இந்த ஊருக்கு வந்துபோன ஒரு வாடிக்கையாளர் தேங்காய்த்திட்டு ஆள் ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னாராம். உறுதியில்லாததால் செல்வியிடம் சொல்லவில்லை. சறுக்கலுக்கு என்று என்னை அழைத்து வந்தது பொய்தானா என்று கேட்டேன். என் குரலில் வருத்தம் இருந்திருக்க வேண்டும். அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"பொய் இல்ல சார். ரெண்டுந்தான். எனக்கு பிரெஞ்சு வராது, நீங்க வேணும். ஒங்களுக்கும் இந்த ஊர காட்டணும்னு இருந்துச்சு. முன்னாடியே சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

ஏன் இன்னும் அவரிடம் நேராகக் கேட்கவில்லை என்றேன்.

"வந்ததும் கேட்டா ஓடிப்போய்டுவான். இப்ப நான் விழறவரைக்கும் கூடவே இருப்பான்."

ஐந்தாம் நாள் வெயில் நன்றாக அடித்தது. பனி மேலே இளகிக் கிடந்தது. பாய் சரிவின் உச்சியிலிருந்து கீழேவரை ஒருமுறை விழாமல் வந்து சேர்ந்தார். மெதுவாக, இரண்டு கையையும் விரித்தபடி, மழைக்கோட்டு படபடக்க வந்தார். வந்து நின்ற பிறகுதான், நிறுத்துவது எப்படி என்று தெரியாமல், உட்கார்ந்தார். ஏழுமலை பக்கத்தில் வந்து உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் பாய் பேசினார்.

"நாளைக்குக் கெளம்பறோம். நான் பொய் சொல்ல மாட்டேன் ஏழுமல. ஒன்னப் பாத்தேன்னு செல்விகிட்ட சொல்லுவேன். கூட இன்னா சொல்லணும்னு மட்டும் நீ சொல்லு."

ஏழுமலை வெகுநேரம் கையுறையால் பலகையில் ஒட்டிய பனியை வழித்துக்கொண்டிருந்தார். பிறகு, "படக வித்துட்டு வந்தவன் பாய். வெறுங்கையோட எப்பிடிப் போய் நிப்பேன்?" என்றார்.

"வெறுங்கையா இருந்தா இன்னா? கை வருதில்ல."

பாத்திரம் கழுவுகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று ஏழுமலை கேட்டுக்கொண்டார். அவள் கேட்டால் சொல்லுவேன் என்றார் பாய். கொஞ்சம் யோசித்துவிட்டு ஏழுமலை பலகையைத் தட்டிக் காட்டினார். "அப்ப இதயும் சொல்லுங்க. இதுல நான் நல்லா நிப்பேன்னு சொல்லுங்க."

ஆறாம் நாள் காலை என் பிரெஞ்சு உண்மையில் உதவியது. விடுதியை நடத்திய அம்மையாரிடம் போய், ஏழுமலைக்கு ஊரிலிருந்து சமையலறைத் தொலைபேசியில் அழைப்பு வந்தால் பேச விடுவீர்களா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் பேசிய மிக உருப்படியான பிரெஞ்சு அதுதான். அவர் எண்ணை எழுதிக்கொடுத்து, மதியம் மூன்றுக்கு மேல் கூப்பிடச் சொன்னார்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் செல்வி வந்தார். பாய் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்துவந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். நான் வாசலில் நின்றேன். பார்த்ததை மட்டும் சொன்னார். சீக்கிரம் வருவான் என்றோ, உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறான் என்றோ ஒரு சொல் சேர்க்கவில்லை. இளைத்துவிட்டாரா என்று செல்வி கேட்டார். கொஞ்சம் என்றார் பாய். என்ன வேலை என்று கேட்டார். பாய் சொன்னார்.

"பாத்திரமா?" என்றார் செல்வி. "சாப்ட தட்ட எடுத்து வெக்காத மனுஷன்."

சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பாய் அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுகை அடங்கிய பிறகு எண் எழுதிய தாளைக் கொடுத்து, "வரச் சொல்லி நான் சொல்லிட்டேன்மா. இனிமே நீதான் சொல்லணும்" என்றார்.

அதற்குப் பிறகு செல்வி பாய் அறைக்கு வரவில்லை. ஒரு மாதம், மூன்று மாதம், மழைக்காலமும் போனது. தான் செய்தது சரிதானா என்று பாய் சந்தேகப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரே சமயத்தில்தான். தெரியாமலே இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி மிஞ்சியிருக்குமோ என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். தேங்காய்த்திட்டுக்குப் போய் விசாரிக்கலாம் என்றேன், வேண்டாம் என்றார்.

அடுத்த வருடம் பொங்கல் முடிந்த வாரம் ஒருநாள் மாடிப்படியில் இரண்டு பேர் ஏறிவந்தார்கள். முன்னால் செல்வி, பின்னால் ஏழுமலை. முதல் அழைப்பில் ஏழுமலையின் குரலைக் கேட்டதும் செல்வி போனை வைத்துவிட்டாராம். நான்காவது அழைப்பில்தான் பேச்சு வந்ததாம். பாய் இருவரையும் உட்காரவைத்து டீ வரவழைத்தார். ஏழுமலை இப்போது துறைமுகத்தில் இன்னொருவர் படகில் போகிறார். சொந்தப் படகு இன்னும் வரவில்லை.

இந்தக் கதையைப் பாய் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் ஆல்ப்ஸில் தான் எத்தனை முறை விழுந்தார் என்பதைத்தான் சொல்லுவார். அடக்கத்தன்று மாலை கபரஸ்தான் வாசலில் ஏழுமலையைப் பார்த்தேன். மீன் ஏலம் முடியுமுன் வந்துவிட்டதாகச் சொன்னார். இருவரும் மதிலோரம் நின்றிருந்தோம். இதை எழுதட்டுமா என்று பிறகு கேட்டேன். பாயைப் பற்றி என்றால் எழுதுங்கள் என்றார்.

நான் காகிதத்தோடு பழகியவன். ஆள் வந்து உட்காருவதற்கு முன்பே கையை நீட்டிச் சான்றிதழை வாங்கி, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கிறவன். போன வாரம் ஓர் அம்மா வந்தார். மகனின் இறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்க வேண்டும். பையைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். லாஸ்பேட்டையிலிருந்து பஸ் கிடைத்ததா என்று கேட்டேன். வெயிலைப் பற்றிப் பேசினோம். அவருடைய மருமகள் சமையல் பற்றிப் பேசினோம். அரை மணி நேரம் கழித்து அவரே பையைத் திறந்தார். ஜமால் பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த அரை மணி நேரம்தான்.