வேகம் கூட்டிய கைக்கணினி

பக்கவாதத்தில் பேச்சிழந்த என் கணவர் பழைய கைக்கணினியில் சொற்களைத் தொடுவார். அது உரக்கச் சொல்லும். முன்பு உப்பளத்தின் மறுகரைவரை கேட்ட குரல் அவருடையது. இப்போது ஒரு வாக்கியம் முடிய நெடுநேரமாகும். "இந்த மெஷினுக்கு எப்பப் பாரு தூக்கம்!" என்று திட்டுவேன், அவரும் சிரிப்பார்.

கூனிமேட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் பாய் அதன் வேகத்தைக் கூட்டித் தந்தார். "முடிஞ்ச வரைக்கும் ஏத்திட்டேம்மா. கொஞ்சம் சூடாகும். ஆனா தொட்டா உடனே பேசும், பாருங்க."

உடனே பேசியது. ஆனால் அடுத்த சொல்லைத் தேடி என் கணவரின் விரல் திரையின்மேல் நெடுநேரம் தவித்தது. நான் கருவியைக் குறைசொன்னவரை அவருடைய தவிப்பு மறைந்திருந்தது. அதை நான் கண்டுகொண்டேன் என்பதை அவரும் கண்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தொட்டார்: "பழையபடி... மாத்திடு."

பாய் மாற்றித் தந்துவிட்டார். நான் தெரிந்துகொண்டதைத்தான் என் முகத்திலிருந்து நீக்க முடியவில்லை.