சாம்பல் டின்னும் கீழ் லயத்துத் தண்ணீரும்

அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பழைய பால்மா டின் ஒன்று ஹட்டனில் என் வீட்டுப் பின்கதவருகே தொங்குகிறது. பக்கத்தில் துணி துவைக்கிற மெஷின் கடகடவென்று ஓடும். இந்தத் துருப்பிடித்த சனியனை ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன் மாமியுடைய டின் என்று மட்டும் சொல்வேன்.

மாமி என்றால் எனக்கு மதினி, பெரிய அண்ணனின் மனைவி. எழுபதுகளின் நடுவில் கந்தப்பளையிலிருந்து லிந்துலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராக்களின் வரிசை; எங்களுடையது மேல் லயம். லயத்துக்குப் பின்னால் ஒரு ஓடை இறங்கி, தேயிலைக்குள் புகுந்து, கீழ் லயத்தில் குடம் பிடிக்கிற குழாயான பீலியில் போய் விழும். அங்கே குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அந்தப் பீலித் தண்ணீர்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மேல் லயத்துப் பெண்கள் நாங்கள் அத்தனை பேரும் ஓடைக்குள் இறங்கிவிடுவோம். கல்லில் துணியை அடித்து, சவுக்கார நுரையை அப்படியே விட்டுவிட்டு வருவோம். அது எங்கே போகிறதென்று யார் நினைத்தோம்!

மதினி மட்டும் இறங்கமாட்டார். அடுப்புச் சாம்பலைச் சலித்து, துணி விரித்த அந்த டின்னில் போட்டுத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார். சொட்டுச் சொட்டாக வடியும் தெளிந்த தண்ணீரில் முதல் நாளே துணியை ஊறவைப்பார். கொழுந்துக் கறை பாதி அதிலேயே இளகிவிடும். சவுக்காரம் கழுத்துக்கும் கைமடிப்புக்கும் மட்டும்தான். சேலை அலசிய தண்ணீரிலேயே, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கையும் அலசுவார். கடைசி அழுக்குத் தண்ணீரை வாளியில் சுமந்துபோய் லயத்துக் கோடியில் இருந்த புல்மேட்டில் ஊற்றுவார்.

அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது. வீட்டு அழுக்கை ஓடுகிற தண்ணீரில் விட்டால்தான் பீடை தொலையும், வீட்டுப் பக்கம் ஊற்றினால் மூதேவி குடியேறுவாள் என்று நம்புகிறவர். அண்ணன் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது பழி டின்னின் மேல் விழுந்தது.

“ஏண்டி, லயமே ஓடையில தொவைக்குது, ஒனக்கு மட்டும் என்னா வந்துச்சு? என் பேரன நோயில தள்ளத்தான் இந்த வேலயா?”

“இல்லீங்க அத்த. எங்க தோட்டத்துல நான் பொறந்தது கீழ் லயத்துலங்க. மேல தொவைச்ச நொரைய ஒதுக்கி ஒதுக்கித்தான் குடிச்சோம். இங்கயும் கீழ இருக்கவங்க குடிக்கிற தண்ணிங்க அது.”

“கீழ் லயத்துல நமக்கு யாருடி இருக்கா?”

மதினி வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா அவர் கையால் ஒரு வாய் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவில்லை. ஒரே காம்பரா, ஒரே அடுப்பு! என்ன வீம்பு, அப்பப்பா!

ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது; பிறகு அண்ணன் குடும்பத்துக்கும் முறை வந்தது. தலவாக்கலை ஸ்டேஷனில் அம்மா அண்ணனையும் பேரனையும் கட்டிக்கொண்டு கதறினார். காலில் விழுந்த மதினியைத் தொடக்கூட இல்லை. “அத்தைய பாத்துக்க பாப்பா” என்று என்னிடம் சொல்லிவிட்டு மதினி ரயில் ஏறினார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுபோயிற்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தது கீழ் லயத்தில். முதல் ஞாயிற்றுக்கிழமையே அம்மா முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். தாகமாக இருக்கிறது என்றார். குடம் காலியாக இருந்ததால் இரண்டு பேரும் பீலிக்குப் போனோம். தண்ணீர் வெளிறிய நீலமாக விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணிக்குப் போடுகிற அதே நீலம், பின்னாலேயே நுரை. அந்த லயத்துப் பெண்கள் செய்வதுபோலவே நானும் கையால் நுரையை ஒதுக்கிவிட்டுக் குடத்தைப் பிடித்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதயாடி குடிக்கிற?”

“ஞாயித்துக்கெழமைன்னா இப்படித்தானாம்மா. செத்த நேரம் போனா தெளிஞ்சிருமாம்.”

அம்மா குடிக்கவில்லை. விறுவிறுவென்று மேலே ஏறினார், நானும் பின்னால் ஓடினேன். மதினி விட்டுப்போன டின்னில் அம்மா கொத்தமல்லி போட்டிருந்தார். அதை மண்ணோடு பிடுங்கிக் கொட்டிவிட்டு, டின்னைக் கழுவி, அடுப்படிக்குப் போய்ச் சாம்பலை அள்ளினார். பக்கத்துக் காம்பரா அத்தை எட்டிப் பார்த்து, “என்னாக்கா, மருமக வழிக்கு வந்துட்டீங்க போல?” என்று சீண்டினார். யாருக்கும் வாய் சளைக்காத அம்மா அன்று தலையை நிமிர்த்தவே இல்லை.

“வந்துட்டேன் தங்கச்சி. அவ போனப்பறம் வந்துட்டேன்.”

படுக்கையில் விழும்வரை அம்மா வாளியைச் சுமந்து அந்தப் புல்மேட்டில்தான் ஊற்றினார். லயத்தில் இரண்டொரு பெண்கள் கூடச் சேர்ந்தார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். இந்தியாவிலிருந்து யார் திரும்பி வந்தாலும் அம்மா மதினியைப் பற்றித்தான் விசாரிப்பார். யாருக்கும் தெரியவில்லை.

கடைசி நாட்களில் நான் தேத்தண்ணி ஊட்டிக்கொண்டிருந்தபோது கோப்பையைத் தள்ளிவிட்டு, ஆணியில் தொங்கிய அந்த டின்னையே பார்த்தார். “அவ கையால ஒரு வாய் வாங்கிக் குடிச்சிருக்கலாம்டி” என்றார்.