கேட்பதற்கு முன்பே வந்த விசைகள்

பனிக்காலக் காலையில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் பக்கம் போனால் நதி கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். எங்கோ ஒரு கப்பல் ஊதும். அது வருகிறதா போகிறதா என்று சொல்ல முடியாது. நான் வேலை செய்யும் நியூ டவுனிலிருந்து வாடகைக் காரில் அரைத் தூக்கத்தில் மிதந்து வந்து, கப்பல் உதிரிபாகங்கள் வைக்கும் ஒரு கிடங்கின் முன் இறங்கினேன். நான் எழுதிக் கொடுத்த நிரல் மூன்று வாரமாக அங்கே ஓடுகிறது. தவறு மேல் தவறு என்று புகார்.

பெரிய நிரல் ஒன்றுமில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒரு பெட்டி இறங்கினால் ஐந்து கேள்வி கேட்கும்: என்ன வகை, எந்தக் கப்பலுக்கு, எந்த அலமாரி, எந்தத் தட்டு, என்ன நிலை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைத் தட்டினால் போதும், என்டர் வேண்டாம். விரல் பட்டதும் அடுத்த கேள்வி மலர வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்தது.

அந்தத் திரையின் முன் உட்காருபவர் இதே ஊரின் டாக்குரியாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கிடங்கு முழுக்க அவரை தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. பழைய நிரலில் பிழையே செய்யாதவர். என்னுடையது வந்த பிறகு பெட்டிகள் தப்பான அலமாரியில் ஏறின. ஒரு வால்வைத் தேடி அரை நாள் போயிற்று.

மேனேஜர் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, வங்காளத்தில், அண்ணன் முறை வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தீதிக்கு வயசாயிடுச்சு தாதா. விரல் தடுமாறுது. திங்கக்கிழமையிலேருந்து கேட் ரெஜிஸ்டர்ல உட்கார வெச்சிடறேன். மெமோ ரெடி. உங்க புரோகிராம்ல கோளாறு இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்."

சொல்லியிருப்பேன். என் விண்டோஸ் கணினியில் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன், ஒரு பிசகும் இல்லை. இங்கே பழைய கணினிகளில் லினக்ஸ். இருந்தால் என்ன, விசை விசைதானே என்று நினைத்திருந்தேன்.

தீதி என்னைப் பார்த்தும் எழவில்லை.

"வாங்க தம்பி. என்னைக் கேட்டுக்குத் தூக்கிட்டுப் போக நீங்களே வந்துட்டீங்களா?"

"பார்க்கத்தான் வந்தேன் தீதி. எப்பவும் போல டைப் பண்ணுங்க."

"எப்பவும் போலதான் பண்றேன், பாபா! உங்க பொட்டிதான் பாதியைக் காதுல வாங்க மாட்டேங்குது."

இடது கையில் லாரிச் சீட்டு. கண் அதில்தான், திரையைப் பார்க்கவேயில்லை. வலது கை ஐந்து எண்களை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிற்று. திரை பின்னால் இரைக்க இரைக்க வந்தது. அப்போது கண்டேன். இரண்டு கேள்விகளுக்கு நடுவே, யாரும் எதுவும் கேட்காத இடத்தில், ஒரு 4 தன்னந்தனியாக நின்றது.

குனிந்து அந்த நாலின் மேல் விரல் வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே பனியில் ஒரு படகு பாதி வரையப்பட்டு நின்றது.

ஒவ்வொரு விடையும் தலைமை அலுவலகக் கணினிக்குப் போய்ச் சேர அரை நொடி ஆகும். அந்த அரை நொடியில் என் நிரல் விசைப்பலகையைப் பழைய நிலைக்கு விட்டுவிடும். அப்போது தட்டும் விசை, அந்த 4 போல, திரையில் எழுத்தாக மட்டும் விழும். அடுத்த கேள்வி வரும்போது மறுபடி தயார்செய்யும். லினக்ஸில் நான் பயன்படுத்திய கட்டளை, தயார்செய்யும்போதே அதுவரை வந்து நின்ற விசைகளையெல்லாம் துடைத்துவிடும். விண்டோஸில் அந்த வேலையே இல்லை. முன்னால் வந்த விசை கூப்பிடும்வரை வரிசையில் காத்திருக்கும். இங்கே அலமாரிக்கான எண் துடைபட்டுப் போக, அதற்குப் பின்னால் வந்த எண்ணை அலமாரி வாங்கிக்கொண்டது.

எனக்கு ஏன் தெரியவில்லை? நான் தட்டுவது வேறு விதம். ஒரு விசை, கொஞ்சம் ஜன்னல், மறுபடி ஒரு விசை. கேள்விக்கு முன்னால் ஓடும் கை எனக்கு இருந்ததே இல்லை. மூன்று வாரமாக இந்த அம்மாள் சொன்னவையெல்லாம் அந்த அரை நொடி இருட்டில், யாரும் கேட்காமல், பனியில் போன ஊதல் மாதிரிக் கரைந்திருக்கின்றன.

திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நிரல் தொடங்கும்போது ஒரே தடவை தயார்செய்ய வேண்டியது, மூடும்போது விட வேண்டியது. தீதி சீட்டைப் பார்த்தபடியே இரண்டு பெட்டிகளை ஏற்றினார். திரை தாமதமாக வந்தாலும் ஒன்றையும் விடாமல் பொறுக்கிக்கொண்டு வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். மேனேஜர் நம்பவில்லை. "அப்போ நியூ டவுன்ல எப்படிச் சரியா வந்துச்சு?"

"அங்கே விண்டோஸ். அதோட, அங்கே தட்டினது நான்."

முதலில் சிரித்தது தீதி. உடனே நிறுத்திவிட்டுத் தமிழில் சொன்னார்: "வாயால சொன்னா இவர் சாயங்காலமே மறந்துடுவார். எழுதிக் குடுங்க."

ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த நிரல் சில நேரங்களில் வேகமாகத் தட்டுபவரின் விசைகளைத் தவறவிடுகிறது, பிழை என்னுடையது என்று. கவிதை எழுதி, உவமை தேடிப் பழகிய கைக்கு அந்த இரண்டு வாக்கியங்களும் கனமாக இருந்தன. தீதி தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

"அது என்ன சில நேரங்கள்? தினமும், தம்பி. மூணு வாரம்."

அந்தச் சொற்களை அடித்துவிட்டு, தினமும் என்று எழுதினேன்.

"தவறவிடலை. தூக்கி எறிஞ்சுது."

அதையும் மாற்றிக் கையெழுத்திட்டேன். மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டு, மெமோவை நாலாகக் கிழித்தார். தீதி அதைப் பார்க்கவில்லை. அடுத்த லாரியின் சீட்டு கைக்கு வந்திருந்தது.